வேலிக்கு வெளியே பிள்ளை

ரந்தாவ், மூன்றாம் டிவிஷன்
2604, மார்ச் 5

அன்புள்ள அந்தோனியம்மாளுக்கு ராயப்பன் எழுதுவது.

தேதியை ஜப்பான்காரன் கணக்கில் போட்டிருக்கிறேன். வழியில் எவனாவது பிரித்துப் பார்த்தால் வம்பு வேண்டாம். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப் போகும் முனியாண்டியின் வண்டியில் இது வருகிறது. பதிலையும் அவனிடமே கொடு.

மூன்று வாரம் என்று சொல்லிவிட்டுப் போனாய். இன்றோடு ஐந்து வாரம். புக்கிட் பெலண்டோக் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் மைக்கல்ராஜின் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள், பெண்குழந்தை பாலுக்குத் தவிக்கிறது என்று கங்காணி வேலை பார்க்கும் தங்கராஜு மண்டோர் வந்து சொன்னபோது நம் பிள்ளையைப் புதைத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. உனக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. வீணாய்ப் போவதை ஒரு பிள்ளை குடிக்கட்டும் என்று நானே அனுப்பினேன். அனுப்பிய வாயை இப்போது அடித்துக்கொள்கிறேன்.

அந்த டிரெஸர் கால்சட்டை போட்டவன், இங்கிலீஷ் படித்தவன், பெண்டாட்டி இல்லாதவன். நீ அவன் குவாட்டர்ஸில் தங்கியிருக்கிறாயா, ஆஸ்பத்திரியிலா? அதை மட்டும் முதல் வரியில் எழுது.

வண்டி ஏறும்போது நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "பச்சப் புள்ளைக்கு என்னா பாவம்? அதை ஏன் வேலிக்கு வெளிய போட்டீங்க?" என்றாய். மூன்று நாள் பிள்ளை, ஞானஸ்நானம் இல்லாமல் போய்விட்டது. மந்திரித்த மண்ணில் வைக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டமா? இந்த டிவிஷனில் ஆறு பிள்ளைகளை நான் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்திருக்கிறேன். ஏழாவது என் பிள்ளை என்பதற்காக உபதேசியாரான நானே சட்டத்தை மாற்றினால் ஊர் சிரிக்காதா?

ஆதாமின் பாவம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அதைத்தான் ஜென்மப் பாவம் என்கிறோம். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் பெலாஜியுஸ் என்ற துறவி அதை மறுத்தான். நம் பழைய துரைமார் பிறந்த தீவில்தான் அவனும் பிறந்தான், பெயரை எழுதமாட்டேன், காலம் சரியில்லை. ஆதாமின் குற்றம் ஆதாமோடு போயிற்று, பிள்ளைகள் சுத்தமாகவே பிறக்கிறார்கள் என்றான். ஆப்பிரிக்காவில் ஹிப்போ பட்டணத்துக்குப் பிஷப்பாக இருந்த மேற்றிராணியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பாவம் இல்லையென்றால் திருச்சபை எதற்காகப் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறது? அவனால் பதில் சொல்ல முடியவில்லை. உன்னாலும் முடியாது. திரும்பி வா.

ராயப்பன்


புக்கிட் பெலண்டோக்
அர்ச். சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள்

என் வீட்டுக்காரருக்கு,

ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். பெண்கள் வார்டில், ஜன்னலோரத்துக் கட்டிலில். கேட்டபடி முதல் வரியில் எழுதிவிட்டேன். போதுமா?

நீங்கள் போட்ட 2604 எனக்கு வராது. எனக்குத் திருநாள்கள்தான் தெரியும்.

டோரின் என்று பிள்ளைக்குப் பெயர். அவள் அம்மா சாகும்போது சொன்ன பெயராம். எடை ஏறவில்லை. நான் வந்த அன்று அவளுக்கு வாயைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. டிரெஸர் ஸ்பூனில் அரிசிக்கஞ்சித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் விட்டுவிட்டு வந்தால் அதையும் புதைக்க வேண்டியதுதான். அதற்கும் வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்று உங்களிடம் வந்து கேட்பார்கள்.

உங்கள் மேற்றிராணியார் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நான் நாலாம் வகுப்பு. ஆனால் டிரெஸர் சொன்னார், இதுவரை நூறு பிரசவம் பார்த்திருக்கிறாராம், மஞ்சள்காமாலையோடு பிறந்த பிள்ளை பார்த்திருக்கிறார், கால் வளைந்த பிள்ளை பார்த்திருக்கிறார், பாவத்தோடு பிறந்த பிள்ளையை இன்னும் பார்க்கவில்லையாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மனைவி போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்று ஆயா சொன்னாள். எனக்கு நல்ல பதிலாகத்தான் பட்டது.

பிள்ளையைத் தண்டிக்கிற கடவுள் என்ன கடவுள்? இதை நானேதான் கேட்கிறேன், டிரெஸர் சொல்லித்தரவில்லை.

சாப்பிடுகிறீர்களா? கிழங்கை மட்டும் அவித்துத் தின்னாதீர்கள், கீரை போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தோனியம்மாள்


ரந்தாவ்
2604, மார்ச் 27

அந்தோனியம்மாளுக்கு,

கீரையைப் பற்றி அக்கறை வேண்டாம்.

ஒரு பக்கக் கடிதத்தில் டிரெஸர் சொன்னார், டிரெஸர் சிரித்தார், டிரெஸர் கஞ்சி ஊட்டினார். நான் என்ன சொன்னேன் என்று நீ யாரிடமாவது சொல்கிறாயா? எனக்கு எரிகிறது, அந்தோனி. மறைத்து என்ன பயன்? அவன் சிரித்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட உனக்கு மனம் இருக்கிறது. நம் பிள்ளை போன பிறகு என் முகத்தை நீ நேராகப் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் ஐந்து நாள் இருந்தோம், நீ பாயை எடுத்துக்கொண்டு அடுப்படியில் படுத்தாய். அது எதற்காக என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

முனியாண்டியிடம் உன்னைப் பார்த்தானா என்று விசாரித்தேன். "நல்ல நீலப் பொடவையில இருந்துச்சுலா அக்கா" என்றான். உன்னிடம் நீலப் புடவை கிடையாது. யாருடைய புடவை அது? செத்தவளுடையதா?

நீ கேட்ட கேள்வி புதிதில்லை. ஜூலியான் என்று இன்னொரு மேற்றிராணியார் அதே கேள்வியை ஹிப்போ மேற்றிராணியாரிடம் கேட்டார். பச்சைப் பிள்ளையைத் துன்புறுத்துகிறவராகக் கடவுளை ஆக்குகிறீரே என்றார். அவரைப் பதவியை விட்டே நீக்கித் துரத்திவிட்டார்கள். அவர் கலியாணம் செய்தவர் என்று சிரம்பானில் உபதேசியார் வகுப்பில் சொன்னார்கள்.

பாவம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று டிரெஸர் சொன்னானா? ஹிப்போ மேற்றிராணியார் கண்ணால் பார்த்திருக்கிறார். பேச்சு வராத ஒரு குழந்தை. தன் செவிலித்தாயிடம் இன்னொரு குழந்தை பால் குடிப்பதைப் பார்த்து முகம் வெளுத்து முறைத்ததாம். அதற்குப் பொறாமையை யார் கற்றுக்கொடுத்தார்கள்? வயிற்றிலிருந்தே கொண்டுவந்தது. நீயும் சோதித்துப் பார். உன் டோரின் எதிரே வேறு பிள்ளையை மடியில் எடுத்து வைத்துப் பார். பிறகு எழுது.

நான் முறைப்பதையும் சேர்த்துக்கொள். முப்பத்திரண்டு வயதில் எனக்கும் அதே வியாதிதான். என் பிள்ளையின் பாலை இன்னொருவன் பிள்ளை குடிக்கிறது.

ராயப்பன்


புக்கிட் பெலண்டோக்
பாஸ்கு திருநாளுக்கு மறுநாள்

என் வீட்டுக்காரருக்கு,

நீலப் புடவை டிரெஸர் மனைவியுடையதுதான். என்னுடைய இரண்டும் பால்பட்டு நைந்துவிட்டன. துணி எங்கே கிடைக்கிறது இந்தக் காலத்தில்? லயத்து வீடுகளில் பெண்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறார்கள். ஆயா அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள், கட்டிக்கொண்டேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார், அன்று முழுக்க வார்டுக்கே வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவர் அவளுக்காக அழுகிறவர். என்னைப் பார்க்கிறவர் இல்லை.

சோதித்துப் பார்த்தேன். இங்கே செல்லம்மா என்று ஒருத்தி, புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. அவள் பிள்ளையை ஒரு பக்கம் வைத்து, டோரின் பார்க்கும்படி கொடுத்தேன். உங்கள் மேற்றிராணியார் பொய் சொல்லவில்லை. டோரினுக்கு முகம் வெளுத்தது. கையை ஓங்கி அந்தப் பிள்ளையின் கன்னத்தைப் பிறாண்டினாள். இரண்டு மாதமே ஆன கை.

ஆனால் நான் அதோடு விடவில்லை. மறுநாள் டோரினுக்கு வயிறு முட்டக் கொடுத்துவிட்டு, அப்புறம் அவனை எடுத்தேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். நாலு நாள் இப்படியே பார்த்தேன். பசித்தால் பிறாண்டுகிறாள், நிறைந்தால் தூங்குகிறாள். மேற்றிராணியார் ஒரு நாள்தான் பார்த்திருப்பார். இரண்டாம் நாள் போய்ப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். கலியாணம் செய்த அந்த ஜூலியான் பார்த்திருப்பார்.

நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன பசி? உங்களுக்கு நான் எதைக் கொடுக்காமல் விட்டேன்?

இன்னொன்று கேட்கிறேன். டோரின் பிறந்து மூச்சில்லாமல் கிடந்தபோது டிரெஸரே தன் கையால் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கம் மனைவி உயிர் போகிறது, மறு பக்கம் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நம் பிள்ளைக்கு உடம்பு நீலமானபோது நீங்கள் செம்பைக் கையில் எடுத்தீர்கள். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்த செம்பைக் கீழே வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள். ஊர்ப்பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஆபத்தில் ஊற்றியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைக்கு ஏன் ஊற்றவில்லை?

அந்தோனியம்மாள்


ரந்தாவ்
2604, ஏப்ரல் 17

அந்தோனி,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். காகிதம் இல்லாத காலத்தில் மூன்று தாள் வீண்.

உனக்கு அந்தச் சட்டம் தெரியும். பெண்களுக்கு ஞானஉபதேசம் சொல்லும்போது நான்தான் சொல்லித்தந்தேன். என் அப்பா உபதேசியாராக இருந்தபோது எழுதிவைத்த நோட்டில் இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுக்கிறவனுக்கும் பிள்ளையைப் பெற்றவளுக்கும் ஞான உறவு உண்டாகிறது. பெற்ற தகப்பனே தன் பிள்ளைக்கு ஊற்றிவிட்டால் அப்புறம் அவனும் மனைவியும் புருஷன் பெண்சாதியாக வாழக் கூடாது. சாகும்வரை அண்ணன் தங்கை மாதிரி இருக்க வேண்டும். தாய் ஊற்றினாலும் அதேதான்.

அன்றைக்கு அரிசிப் பங்கு கொடுக்கிறார்கள் என்று லயத்தில் எல்லாரும் ரந்தாவ் டவுனுக்குப் போய்விட்டார்கள். வேறு யாராவது ஒரு கை, இந்துவாக இருந்தால்கூடப் போதும், வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுத்து ஊற்றச் சொல்லியிருப்பேன். ஒரு குஞ்சு இல்லை. செம்பை எடுத்தபோது உன்னைப் பார்த்தேன். தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு கிடந்தாய். ஊற்றினால் இவளை இனிமேல் தொடக் கூடாதே என்று நினைத்தேன். செம்பைக் கீழே வைத்தேன். இரண்டு மைலில் தங்கராஜு மண்டோர் இருக்கிறார், ஓடிப்போய் அழைத்துவந்துவிடலாம், பிள்ளை தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பிள்ளையின் மோட்சத்தைவிட நீ எனக்குப் பெரிதாக இருந்தாய். இதுதான் உண்மை. அதற்குப் பிறகு நீயும் போய்விட்டாய். உன்னை விட்டுவிடக் கூடாது என்று பிள்ளையை விட்டேன். இப்போது உன்னை இன்னொருவன் இடத்தில் இருக்கும்படி விட்டிருக்கிறேன்.

டிரெஸர் ஊற்றினான் என்கிறாய். சாகப்போகிற பெண்டாட்டியோடு அண்ணன் தங்கையாக எத்தனை நேரம் இருக்க வேண்டும்? அரை மணி நேரம். அவனுக்குச் சுலபம். இப்படி எழுதுவது எவ்வளவு கேவலம் என்று தெரிகிறது. தெரிந்தும் எழுதுகிறேன். ஒரு விஷயத்திலாவது அவன் என்னைவிட நல்லவனில்லை என்று நீ சொல்ல வேண்டும்.

ராயப்பன்


புக்கிட் பெலண்டோக்
திருச்சிலுவைத் திருநாளுக்கு முந்தின நாள்

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் சிரித்தேன். செல்லம்மா எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டாள்.

நான் சொல்லப்போவதை நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

நீங்கள் சைக்கிளில் ஏறிப் போன பிறகு நான் பாயிலிருந்து நகர்ந்து போய், நீங்கள் வைத்துவிட்டுப் போன செம்பை எடுத்தேன். பிள்ளைக்கு அப்போது மூச்சு இருந்தது. நெற்றியில் மூன்று முறை ஊற்றி, நீங்கள் சொல்லித்தந்த வாக்கியத்தைத் தப்பில்லாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு போய்விட்டான்.

நீங்கள் தங்கராஜு மண்டோரோடு மூச்சிரைக்க வந்து நின்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சட்டத்தை விட்டு ஓர் அங்குலம் நகராத மனுஷன், அன்றைக்கே என் பாயை அடுத்த அறையில் போட்டுவிடுவீர்கள். எனக்கு இருபத்து நாலு வயது. நீங்களும் வேண்டும் என்று இருந்தது. மறுநாள் பிள்ளையை வேலிக்கு வெளியே கொண்டுபோனீர்கள். அவன் உள்ளே இருக்க வேண்டியவன் என்று தெரிந்தும் பேசாமல் நின்றேன். அது என் பாவம். ஆதாமுடையது இல்லை.

சொல்லவில்லையே தவிர, உங்கள் பக்கத்தில் படுக்கவும் முடியவில்லை. சட்டப்படி நான் இப்போது உங்கள் தங்கை. அதனால்தான் அடுப்படிக்குப் போனேன். அதனால்தான் இங்கே வந்ததும் திரும்பவில்லை. நீலப் புடவைக்காரர் அதற்குக் காரணம் இல்லை. பச்சைப் பிள்ளைக்குப் பாவமே இல்லை என்று உங்கள் வாயால் ஒரு முறை சொல்லிவிட்டால், நான் மறைத்தது பெரிய குற்றமாகாது என்று நினைத்தேன். அந்தச் சண்டையெல்லாம் அதற்குத்தான்.

போன வெள்ளிக்கிழமை சிரம்பானிலிருந்து பெரிய சாமியார் ஜப்பான்காரனிடம் பாஸ் வாங்கிக்கொண்டு இங்கே வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் கிழவர் சொன்னார், அந்த ஞான உறவுச் சட்டத்தை ரோமாபுரியில் எடுத்துவிட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறதாம். அது இருந்த காலத்திலும் ஆபத்தில் ஊற்றினவர்களை அது கட்டாதாம். "உன் புருஷன் யார் நோட்டைப் படிக்கிறான்?" என்று கேட்டார். மாமாவின் நோட்டு என்றேன்.

ஆக, நீங்கள் ஓடியிருக்க வேண்டாம். நான் மறைத்திருக்கவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் பாவி என்று நம்பி நான் தண்ணீர் ஊற்றவில்லை. இப்போதும் நம்பவில்லை. நீங்கள் நம்புகிறீர்கள். நீங்கள் போகிற இடத்துக்கு அவனும் வந்து சேர வேண்டும் என்றுதான் ஊற்றினேன்.

அந்தோனியம்மாள்


ரந்தாவ்
2604, மே 14

என் அந்தோனிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க நேரமாயிற்று.

நீ ஊற்றலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கை வேண்டும், ஒரு கை வேண்டும் என்று இரண்டு மைல் மிதித்தேனே, பாயில் கிடந்த கை என் கண்ணில் படவில்லை. அந்த டிரெஸரைப் பார்த்து எரிந்தேன் என்று நினைத்திருந்தேன். இப்போது உன்னைப் பார்த்து எரிகிறது. நான் செய்ய வேண்டியதை நீ செய்துவிட்டாய். அவன் பிடித்த விரல் உன்னுடையது.

சனிக்கிழமை தங்கராஜு மண்டோரையும் மண்வெட்டியையும் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பிள்ளையைத் தோண்டி எடுக்க மனம் வரவில்லை. அதனால் வேலியை நகர்த்துவோம் என்றேன். கிழக்கு மூலையில் நாலு கம்பம் பிடுங்கி, நம் பிள்ளையை மட்டும் உள்ளே வளைத்து நட்டோம். கம்பியை இழுத்துக் கட்டும்போது தாயம்மா விறகுக் கட்டோடு வந்து நின்றாள். அவளுடைய பிள்ளையைப் போன வருஷம் நான்தான் வெளியே வைத்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

"ஒங்க புள்ளைக்கு மட்டும் வேலி நவுருதா, உபதேசியாரே?" என்றாள். சத்தம் போடவில்லை. கம்பத்தையே பார்த்தாள்.

என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்தது, அவன் அம்மா ஊற்றியிருக்கிறாள், எனக்கே இப்போதுதான் தெரிந்தது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "எங்கிட்டயும் தண்ணி இருந்துச்சு. தாய் ஊத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

மண்டோர் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அந்த ஆறு பிள்ளைகளில் இன்னும் எத்தனை பேருடைய அம்மாக்கள் என் சட்டத்துக்குப் பயந்து செம்பைக் கீழே வைத்தார்கள் என்று யாரைப் போய்க் கேட்பேன்?

நட்ட நாலு கம்பத்தையும் பிடுங்கினோம். ஏழு பேரையும் உள்ளே விட்டு, ஓடைக்கரை வரைக்கும் வேலி போட்டோம். தாயம்மா விறகைக் கீழே போட்டுவிட்டுக் கம்பம் பிடித்தாள். சாமியார் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஹிப்போ மேற்றிராணியார் கேட்டாலும் சொல்கிறேன். ஜென்மப் பாவம் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. அது இருக்கிறது, எனக்குள் இருந்துதான் எனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்துப் பிள்ளைகளை வெளியே நிறுத்த இனி என்னால் ஆகாது.

சிலுவை செய்துவிட்டேன். மரமல்லிக் கட்டை, நன்றாக இழைத்திருக்கிறேன். பெயர் எழுத உளியை எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஞானஸ்நானம் கொடுத்தால் பெயர் சொல்லித்தானே கொடுத்திருப்பாய். நாலு மாதமாக என் பிள்ளையின் பெயர் உனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இதைவிடப் பெரிய பொறாமை எனக்கு இனி வரப்போவதில்லை.

என்ன பெயர் வைத்தாய்?

ராயப்பன்


புக்கிட் பெலண்டோக்
விண்ணேற்றத் திருநாள் கழிந்த திங்கள்

என் வீட்டுக்காரருக்கு,

வெள்ளிக்கிழமை முனியாண்டியின் வண்டியில் வருகிறேன். டோரினும் வருகிறாள். பல் முளைத்துச் சோறு தின்னும்வரை நம்மிடம் இருக்கட்டும் என்று அவள் அப்பாவிடம் கேட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று அவர் தயங்கினார். வாசலில் நின்று அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் அதே வண்டியில் திரும்பிவிடுவேன், தெரிந்துகொள்ளுங்கள்.

பெயரைக் காகிதத்தில் எழுதமாட்டேன். வந்து காதில் சொல்கிறேன். அதுவரை சிலுவை வெறுமையாக இருக்கட்டும்.

அந்தோனியம்மாள்